ஒரு ஹப் பழுது, பாதிக் காசு போதாது: ஜிம்னியின் முன் சக்கர ஹப் ஜோடி பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,
வாகன உதிரிப்பாக விற்பனை நிலையம்,
பஞ்சிகாவத்தை, கொழும்பு.

விடயம்: கையால் பூட்டும் ஃப்ரீ வீல் ஹப் ஜோடியில் இடது ஹப் பூட்டாதது

ஐயா,

கடந்த மே மாதம் 14ஆம் திகதி தங்கள் கடையில் சுசுகி ஜிம்னி ஜீப்புக்கு ஒரு ஜோடி மனுவல் ஹப் வாங்கினேன், முன் சக்கரத்தை அச்சோடு கையால் பூட்டவும் விடுவிக்கவும் உதவும் சாமான். விலை 68,000 ரூபா. பில்லின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த ஜோடியில் இடது பக்கத்து ஹப் பூட்டவே இல்லை. நான்கு தடவை தொலைபேசியில் பேசினேன். கடைசித் தடவை தங்கள் ஊழியர், "ஒன்றுதானே பழுது, பாதிக் காசைத் தருகிறோம்" என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தப் பாதிக் கணக்கு இந்தச் சாமானுக்குப் பொருந்தாது. அதை எழுத்தில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிறவன். லீக்ஸ், கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. மேல் தோட்டத்துக்குப் போகும் பாதை செம்மண், நல்ல ஏற்றம். மழை பெய்தால் நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஏறும். என் ஜிம்னி 2006ஆம் ஆண்டு வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து எங்களைப் போன்றவர்கள் இருக்கிறதைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டி வருகிறோம். 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டார்கள், சரி. அந்த விலைக்கு நான் எங்கே போவேன்?

இந்த வண்டியில் முதலில் இருந்ததை ஊரில் எல்லோரும் எலக்ட்ரிக் ஹப் என்பார்கள். உண்மையில் நாலு வீலுக்கு மாற்றும் பட்டன் மட்டும்தான் கரண்ட். பட்டனை அழுத்தினால் ஒரு வால்வு திறக்கும், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகம் மெல்லிய குழாய் வழியே முன் சக்கரம் வரை போய் ஹப்பைப் பூட்டும். இருபது வருஷத்தில் றப்பர் குழாய் வெடிக்கும், சீல் தேயும், எங்காவது காற்றுக் கசியும். அதை வண்டி செய்த கம்பெனியின் பிழை என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை குழாய் மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் ஹப் பூட்டவில்லை என்று நாலு வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே நிற்க, கையால் திருப்பும் ஹப்புக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தேன். மழையில் இறங்கி நனைந்துகொண்டு திருப்ப வேண்டும், அவ்வளவுதானே. லொக் என்றால் லொக், ஃப்ரீ என்றால் ஃப்ரீ என்று நம்பினேன்.

பெட்டியைத் திறந்தபோதே ஒரு குறை தெரிந்தது. பழைய ஹப்பைக் கழற்றினால் அந்த மெல்லிய குழாய்க்கு வேலை இல்லை, அதை மூட வேண்டும். மூடும் தொப்பி பெட்டியில் இல்லை, மூடச் சொல்லி ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மூடாமல் விட்டால் பட்டனை அழுத்தும்போதெல்லாம் எஞ்சின் அந்த வழியாகக் காற்றை இழுத்து, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம் (ஐட்லிங்) ஏறி இறங்கும். எங்கள் கராஜ் பாஸ் விஷயம் தெரிந்தவர், வால்வுக்குப் பக்கத்திலேயே அடைத்துவிட்டார். விளக்கும் மினுக்குவதை விட்டு நிலையாக எரிந்தது. இதற்கு நான் காசு கேட்கவில்லை. அடுத்து வாங்குகிறவருக்காவது இரண்டு தொப்பி போட்டுக் கொடுங்கள்.

ஜூன் கடைசியில் விடாமல் மூன்று நாள் மழை. நான்காம் நாள் காலை உரம் ஏற்றிக்கொண்டு மேலே போனேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் இறங்கி இரண்டு பக்கமும் லொக்குக்குத் திருப்பினேன், பட்டனை அழுத்தினேன், விளக்கு எரிந்தது. பாதி ஏற்றத்தில் பின் சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றத் தொடங்கின. முன் சக்கரம் அசையவே இல்லை. வண்டி அப்படியே பின்னால் வழுக்கிப் போய்ப் பாதையோரக் கானுக்குள் ஒரு சக்கரத்தை விட்டு நின்றது. கான் இல்லாவிட்டால் கீழே பள்ளம். யாருக்கும் அடிபடவில்லை. டிராக்டர் வைத்து இழுத்தோம்.

அன்றைக்கே கராஜில் முன் சக்கரம் இரண்டையும் தூக்கிப் பார்த்தோம். எஞ்சினை நிறுத்தி, கியர் நாலு வீலில் இருக்க, இரண்டு ஹப்பும் லொக்கில் இருந்தால், வலது சக்கரத்தைக் கையால் சுற்றும்போது இடது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இங்கே வலதைச் சுற்றினால் இடது சும்மா நின்றது. இடதைச் சுற்றினால் அது மட்டும் தனியாக ஓடியது. மேலே குமிழ் லொக்கைக் காட்டுகிறது, உள்ளே ஒன்றும் பூட்டவில்லை. பாஸ் கழற்றிப் பார்த்தார். அச்சையும் சக்கரத்தையும் இணைக்கும் வளையத்தை உள்ளே தள்ள வேண்டிய ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

இதற்குத் தங்கள் ஊழியர் சொன்ன காரணங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. முதலில், கிரீஸ் அதிகமாகப் பூசியிருப்பீர்கள் என்றார். தடிப்பான கிரீஸ் அடைத்தால் வளையம் நகராது என்பது உண்மைதான். ஆனால் பாஸ் பெற்றோலில் கழுவி, மெல்லிசாகப் பூசி மறுபடி போட்டுப் பார்த்தும் அதே கதை. அடுத்து, லொக்கில் வைத்துத் தார் ரோட்டில் ஓட்டியிருப்பீர்கள் என்றார். நான் ஓட்டவில்லை. ஓட்டியிருந்தாலும் என்ன? கியர் இரண்டு வீலில் இருக்கும்போது ஹப் மட்டும் லொக்கில் இருந்தால் முன் அச்சும், இரண்டு பக்கத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் வீணாகச் சுற்றும், கொஞ்சம் பெற்றோல் கூடும், ஹப் உடையாது. காய்ந்த தார் ரோட்டில் நாலு வீலையே போட்டு ஓட்டுவதுதான் கெடுதல். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாடிக்கையாளர் தலையில் பழியைப் போடக் கூடாது. கடைசியாக, வெளிக் கராஜில் பூட்டியதால் உத்தரவாதம் இல்லை என்றார். பில்லில் ஆறு மாத உத்தரவாதம் என்று இருக்கிறது, தங்கள் இடத்தில்தான் பூட்ட வேண்டும் என்று எங்கும் இல்லை. கந்தப்பளையிலிருந்து கொழும்புக்கு ஹப் பூட்ட யார் வருவார்?

இனி அந்தப் பாதிக் காசு. முன் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல், எந்தப் பக்கம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். இடது ஹப் பூட்டாததால் இடது அச்சு சக்கரத்தைத் தொடாமல் சும்மா சுற்றுகிறது, தடை எதுவும் இல்லை. ஆகவே எஞ்சின் முன்னால் அனுப்புவது முழுவதும் அங்கேயே போய்விடுகிறது. நன்றாகப் பூட்டியிருக்கும் வலது சக்கரத்துக்கு ஒன்றும் வராது. என் வண்டி மூன்று சக்கரத்தில் இழுக்கவில்லை, இரண்டே சக்கரத்தில்தான் இழுத்தது. நல்ல ஹப்பும் அந்தப் பழுதான ஹப்போடு சேர்ந்து செத்த சாமான்தான். சோடிச் செருப்பில் ஒன்று பிய்ந்தால் பாதிக் காசு வாங்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நடப்பாரா யாராவது? தனியாக ஒரு ஹப் வாங்கவும் வழியில்லை, தாங்களே ஜோடியாகத்தான் விற்கிறீர்கள்.

ஆகவே நான் கேட்பது, புதிய ஜோடி ஒன்று, அல்லது 68,000 ரூபா முழுவதும். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு தங்களுடையது. டிராக்டர் காசையும் கேட்கச் சொல்லி வீட்டில் சொன்னார்கள், நான் விட்டுவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் பில்லையும் படங்களையும் வைத்து முறைப்பாடு செய்வேன். அந்த அளவுக்குப் போக எனக்கும் நேரமில்லை, லீக்ஸ் பிடுங்கும் காலம் இது.

இரண்டு ஹப்பும் பெட்டியில் போட்டுத் தயாராகக் கராஜில் இருக்கின்றன. தாங்கள் ஆள் அனுப்பினாலும் சரி, முகவரி சொன்னால் நானே அனுப்பினாலும் சரி. பகலில் மேல் தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது, மாலை ஆறு மணிக்குப் பிறகு அழைக்கவும்.

இப்படிக்கு,
மே 14ஆம் திகதி பில்லின் வாடிக்கையாளர்,
கந்தப்பளை.