டாஃப்-2 புழுக்களைத் தை மாதத்தில் தொடங்கு

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. சி. எலிகன்ஸ் என்ற சின்னஞ்சிறு புழுவில் உயிரியலாளர் சிந்தியா கென்யன் செய்த ஆயுள் சோதனையைப் புதுச்சேரியில் உன் முதுகலை மாணவர்களே செய்து பார்க்கப் போகிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துபோயிற்று. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயல்பான என்-2 வகைப் புழுக்களையும் டாஃப்-2 மரபணு பழுதான புழுக்களையும் மட்டும் வைத்து இதைச் செய்யாதே. டாஃப்-2, டாஃப்-16 என்ற மரபணுக்கள் இரண்டும் பழுதான மூன்றாவது வகையும் கட்டாயம் வேண்டும்.

டாஃப்-2 பழுதானால் சி. எலிகன்ஸ் இருமடங்கு நாள் வாழும் என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நீண்ட ஆயுள் புழுக்களை மைக்கேல் கிளாஸ் 1983இலேயே பிரித்தெடுத்துவிட்டார். ஏஜ்-1 மரபணு 1988இல் வெளிவந்தது. 1993 டிசம்பரில் நேச்சர் இதழில் கென்யன் குழு எழுதிய கட்டுரையின் உயிர்நாடி வேறு: டாஃப்-16உம் பழுதாக இருந்தால் அந்தக் கூடுதல் ஆயுள் கிடைப்பதில்லை. அப்படியானால் நீண்ட ஆயுள் என்பது புழு நோஞ்சானாகி மெதுவாக ஓடுவதன் பக்கவிளைவு இல்லை. டாஃப்-16 முனைந்து செய்யும் வேலை. 1997இல் டாஃப்-2, இன்சுலின் சொல்லும் செய்தியை வாங்கும் புரதமான இன்சுலின் ஏற்பியின் உறவு என்று கேரி ருவ்குன் குழு காட்டியது. டாஃப்-16, மற்ற மரபணுக்களை இயக்கும் ஃபாக்ஸோ புரதக் குடும்பம் என்பதும் அதே ஆண்டு தெரிந்தது. அதன் பிறகுதான் பழ ஈயிலும், 2003இல் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1இன் ஏற்பி மரபணுவில் ஒரு பிரதியை இழந்த பெண் சுண்டெலிகளிலும் இதே பாதை ஆயுளை நீட்டுவது தெரிந்தது. மூன்றாவது வகை இல்லாமல் உன் மாணவர்கள் ஒரு எண்ணைப் பார்ப்பார்கள். காரணத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இனி வெப்பநிலை. நம் ஊரில் எல்லாவற்றையும் கெடுப்பது அதுதான். சாதாரண இன்குபேட்டர் சூடாக்க மட்டுமே செய்யும். உனக்குக் குளிரூட்டும் பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும், 20 டிகிரியில். உள்ளே அதிகபட்சம்-குறைந்தபட்சம் காட்டும் வெப்பமானி ஒன்றை வைத்துத் தினமும் குறித்துக்கொள். இளம்புழுக்கள் இருக்கும்போது இரவில் மின்சாரம் போய் 25 டிகிரிக்கு ஏறிவிட்டால், டாஃப்-2 இளம்புழுக்கள் டாவர் என்ற உறங்குநிலைக்குப் போய்விடும். டாவர் உண்ணாமல் மாதக்கணக்கில் கிடக்கும். அதை எண்ணினால் ஆயுள் கணக்கே பொய்யாகிவிடும். முதிர்ந்த புழு டாவராகாது. ஆகவே எல்-4 (முதிர்வதற்கு முந்தைய கடைசி இளம்பருவம்) வரை 15 டிகிரியில் வளர்த்து, பிறகு 20க்கு மாற்று. முதிர்ந்த பிறகு டாஃப்-2ஐ அடக்கினாலும் ஆயுள் நீள்கிறது என்று கென்யனின் கூடமே 2002இல் காட்டியிருப்பதால் தயங்க வேண்டாம். டாஃப்-2 மெதுவாக வளரும். நாள் கணக்கை முட்டையிலிருந்து தொடங்காதே, எல்-4இலிருந்து தொடங்கு.

டாஃப்-2 புழுக்களை இரண்டு மாதத்துக்கு மேலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30இல் கரையேறியது நமக்கு மறக்காது. புயல் காலம் முடிந்து தை பிறந்ததும் தொடங்கினால் கத்திரி வெயிலுக்கு முன்பே முடித்துவிடலாம்.

அகார் தட்டுக்கு லிட்டர் கணக்கு: உப்பு 3 கிராம், பெப்டோன் 2.5 கிராம், அகார் 17 கிராம், தண்ணீர் 975 மில்லி. ஆட்டோகிளேவ் செய்து 55 டிகிரிக்கு ஆறியதும், கொலஸ்ட்ரால் கரைசல் (எத்தனாலில் மில்லிக்கு 5 மில்லிகிராம்) 1 மில்லி, 1 மோலார் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் தலா 1 மில்லி, கடைசியில் பி.எச். 6 பொட்டாசியம் பாஸ்பேட் 25 மில்லி. ஒவ்வொன்றையும் சேர்த்து நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்தது. கால்சியமும் பாஸ்பேட்டும் நேரடியாகச் சந்தித்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும். கொலஸ்ட்ராலை விட்டுவிடாதே, புழுவால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது. நம் கடலோர ஈரக்காற்றில் தட்டுகளை இரண்டு மூன்று நாள் கவிழ்த்து உலர விட்டுத்தான் புழுவின் உணவான ஓபி-50 பாக்டீரியாவைப் பூச வேண்டும். ஈரமாக இருந்தால் புழு ஓரத்தில் ஏறிக் காய்ந்து சாகும், பூஞ்சையும் வரும்.

வகைக்கு 100 புழு, தட்டுக்கு 20. முட்டையிடும் முதல் வாரம் தினமும் புதுத் தட்டுக்கு மாற்று. இல்லாவிட்டால் தாயும் குஞ்சும் கலந்து யார் யாரென்று தெரியாது. குஞ்சு பொரிப்பதைத் தடுக்கும் எஃப்.யூ.டி.ஆர். மருந்து போட்டால் மாற்றும் வேலை மிச்சம்தான், ஆனால் சில வகைகளில் அதுவே ஆயுளை மாற்றிவிடுகிறது. கையால் மாற்றுவதே மேல் என்பது என் கருத்து.

பிளாட்டினக் கம்பியால் தலையை மெல்லத் தொட்டும் அசையாவிட்டால் இறந்தது என்று எழுது. காணாமல் போனவை, வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரித்தவை, குடல் பிதுங்கியவை இவற்றை இறந்தவற்றோடு சேர்க்காதே, கணக்கிலிருந்து முழுதாக நீக்கவும் செய்யாதே. அன்றைய தேதியிட்டு ‘விடுபட்டது’ என்று குறி. தட்டின் அடியில் வகைப் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கட்டும், பட்டியல் உன் மேசையில் பூட்டியிருக்கட்டும். டாஃப்-2 என்று தெரிந்தால் ‘இன்னும் உயிர் இருக்கும்’ என்று கை இன்னொரு முறை தொடும், அது இயல்பு.

புழு வகைகளைக் கேட்டு எழுதும்போது டாஃப்-2இல் இ-1370 என்ற பிறழ்வைக் குறிப்பிட்டுக் கேள். முதல் வாரத் தாள்களை அனுப்பு, விடுபட்டவற்றைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
முருகன்