பீமாவுக்கு வீடு கிடைத்தது: துணை நின்ற அனைவருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சென்னை வேளச்சேரித் தெருவிலிருந்து நாங்கள் மீட்ட பீமா கோயம்புத்தூரில் தன் புது வீட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டான். ராஜபாளையமும் லாப்ரடாரும் கலந்த, 28 கிலோ எடையுள்ள, துள்ளல் அடங்காத இளம் ஆண் நாய் அவன். இந்த மாதிரி நாய்க்கு வீடு அமைவது லேசில்லை. குட்டி என்றால் கேட்க ஆள் உண்டு. வளர்ந்த பெரிய நாயைக் கேட்டு வருகிறவர்களில் பலர் தோப்புக் காவலுக்குச் சங்கிலியில் கட்டிப்போடத்தான் கேட்கிறார்கள். பீமாவுக்கு அந்தக் கதி வராமல் பார்த்துக்கொண்டது நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான். யார் என்ன செய்தீர்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இப்படி ஒரு நாயை வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதல் நன்றி வேளச்சேரி டீக்கடை அண்ணனுக்கு. மிரண்டு திரிந்த நாயை அவர் துரத்தவும் இல்லை, துரத்த யாரையும் விடவும் இல்லை. துரத்தினால் நாய் நேராக நடுரோட்டுக்குத்தான் ஓடும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சாப்பாடு வைத்து, எங்களுக்கும் தகவல் சொன்னார். நாய் வேறு எங்கும் போகாமல் அங்கேயே நின்றதற்கு அதுதான் காரணம்.

அடுத்து எங்கள் கால்நடை மருத்துவர் அம்மா. ரத்தப் பரிசோதனையில், உண்ணி கடித்து நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்ததும் கருத்தடை அறுவையைத் தள்ளிவைத்தார். மீட்ட கையோடு கருத்தடையையும் முடித்துவிட வேண்டும் என்று பலரும் அவசரப்படுகிறார்கள். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் சரிந்திருக்கும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் உறையாமல் கசியும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாளும் விடாமல் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் இறங்கி, நாய் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கிருமி உடம்பிலேயே தங்கி, பிறகு தலைதூக்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், உணவுக்குழாயும் புண்ணாகும் என்பதால் எப்போதும் சாப்பாட்டோடுதான் கொடுத்தோம். தட்டணுக்கள் தேறிய பிறகே கருத்தடை நடந்தது, தையலும் சுத்தமாக ஆறியது.

காது கேட்கிறதா என்று அவர் சோதித்ததையும் சொல்ல வேண்டும். வெள்ளை ராஜபாளையம் வழியில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. நாயின் பின்னால் நின்று கைதட்டினால் போதாது. காற்றின் அசைவும் தரையின் அதிர்வும் அதற்குத் தெரிந்துவிடும். அது தூங்கும்போது பக்கத்து அறையிலிருந்து விசில் அடித்துப் பார்க்க வேண்டும். பீமாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

தாம்பரத்தில் அவனைத் தற்காலிகமாக வைத்துப் பராமரித்த தம்பதிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்று நாய்க்கு நாய் தொற்றும் நோய்கள் உள்ளே இருந்தால் வெளியே தெரியச் சில நாள் ஆகும் என்பதால் முதல் 14 நாள் இரண்டும் தனித்தனி அறை, தனித்தனிப் பாத்திரம். உண்ணிக்கு நாய்க்கு மட்டும் மருந்து போட்டு விடாமல், சுவர் விரிசல், கட்டில் கால், மிதியடி என்று எல்லா இடத்தையும் சுத்தம் செய்தார்கள். உண்ணி நாயின் மேல் முட்டையிடுவதில்லை, விரிசல்களில்தான் இடும். பிறகு இரண்டையும் வீட்டுக்குள் நேருக்கு நேர் விடாமல், பொதுத் தெருவில் இருபது அடி இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். சண்டையே இல்லை.

சாப்பாட்டுக் கணக்கும் அவர்கள் போட்டதுதான். கருத்தடை ஆன 28 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,350 கலோரி. உலர்தீவனத்தில் ஏறக்குறைய 360 கிராம், இரண்டு வேளையாக. நெஞ்சுக்கூடு ஆழமான நாய் என்பதால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓட்டம் கூடாது. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும்.

காலையும் மாலையும் நடத்திய கல்லூரி மாணவர்களே, நீங்கள் இல்லாமல் பீமா இல்லை. வேட்டை நாய் வழியில் வந்த நாய்க்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே பருமன். சாதாரண பெல்ட்டை ஒரு இழுப்பில் உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட், மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை), இரண்டிலும் தனித்தனி லீஷ் (பிடிகயிறு) என்று நீங்கள் பிடிவாதமாக மாட்டியதால் ஒரு முறைகூடக் கைநழுவவில்லை. தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் நடை கிடையாது என்ற விதியையும் நீங்கள் மீறவில்லை. ஓடவிட்டுக் களைக்க வைப்பதை மட்டும் நம்பாமல், மோந்து பார்க்க நேரம் கொடுத்ததும், தீவனத்தைப் புல்லில் தூவித் தேட வைத்ததும் பெரிய வேலை. வெறும் ஓட்டம் நாயின் தெம்பைத்தான் கூட்டும். மூக்குக்கு வேலை கொடுத்தால்தான் அது அடங்கிப் படுக்கும். மேலே தாவினால் கத்தாமல் திரும்பி நின்று, நான்கு காலும் தரையில் பட்டதும் தடவிக் கொடுத்தீர்கள். கையால் தள்ளியிருந்தால் அதை விளையாட்டு என்று நினைத்து இன்னும் தாவியிருப்பான்.

படமும் அறிவிப்பும் தயாரித்த தோழிக்கு: “லீஷை இழுப்பான். ஐந்தடிச் சுவரைத் தாண்டுவான். பூனை, கோழி உள்ள வீட்டுக்கு ஒத்துவராது. தினம் இரண்டு வேளை நடத்த ஆள் வேண்டும்” என்று உள்ளதை உள்ளபடி எழுதினீர்கள். பரிதாபத்தைத் தூண்டும் வரி ஒன்றும் இல்லை. அழைப்புகள் குறைந்தன, ஆனால் வந்தவை உருப்படியானவை. அளவு தெரியும்படி ஆள் பக்கத்தில் நிற்கும் படமும், லீஷில் நடக்கும் காணொளியும் பத்து விளக்கத்துக்குச் சமம்.

பெரிய தோப்பு வைத்திருந்த ஒருவரும் அன்போடு கேட்டார். அவருக்கும் நன்றி. ஆனால் இடம் இருப்பதால் நாய் தானாக ஓடியாடிவிடாது. ஆள் கூட வராவிட்டால் கேட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கும், அலுத்தால் மண்ணைத் தோண்டும், சுவர் தாண்டும். அதனால்தான் அடுக்குமாடியில் இருந்தாலும் தினமும் விடியற்காலையில் ஓடும் பழக்கமுள்ள கோயம்புத்தூர்க் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தோம். அந்தக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஐயாவுக்குத் தனி வணக்கம். பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ லிஃப்ட்டை மறுக்கவோ முடியாது என்ற இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலை உறுப்பினர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நேரில் போய் வீட்டைப் பார்த்த நண்பர் பால்கனிக் கம்பி இடைவெளியை அளந்து வலை அடிக்கச் சொன்னார். அடித்த பிறகுதான் நாய் கிளம்பியது.

ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓட்டிய டிரைவர் அண்ணே, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, லீஷ் கையில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே கதவைத் திறந்தீர்கள். இடம் மாற்றும் நாய்கள் தொலைவது பெரும்பாலும் அந்தக் கதவு திறக்கும் நொடியில்தான்.

கடைசியாக, பீமாவின் குடும்பத்துக்கு. முதல் சில வாரம் சாதுவாக இருந்துவிட்டு, வீடு பழகியதும்தான் நாய் தன் உண்மையான துள்ளலைக் காட்டும். திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் அப்போதுதான் நடக்கும். நாங்கள் சொன்னதை நினைவில் வைத்து, அவன் செருப்பைக் கடித்த வாரத்தில் நீங்கள் திட்டாமல் போன் செய்து யோசனை கேட்டீர்கள். தோலுக்கடியில் வைத்த அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணுக்கான பதிவில் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் உடனே மாற்றிக்கொண்டீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும், குடற்புழு மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அட்டை உங்களிடம் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காக வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்களிடமே தர வேண்டும் என்ற ஒப்பந்தம் என்றைக்கும் செல்லும்.

பீமாவுக்கு வாங்கிய 42 அங்குலக் கூண்டும், பெரிய அளவு மார்ட்டிங்கேல் பெல்ட் ஒன்றும், தையலை நக்காமல் இருக்க மாட்டும் கழுத்துக் கூம்பும் தாம்பரத்தில் சும்மா இருக்கின்றன. எல்லாம் கிருமிநாசினி போட்டுக் கழுவியவை. பெரிய நாயை மீட்டு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து கொடுக்கிறோம்.

அன்புடன்,
பீமாவைப் பார்த்துக்கொண்ட குழுவினர், சென்னை