வன்னியில் பாரும் தவறணையும் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பார் முதலாளிமாருக்கும் கள்ளுத் தவறணை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும்,

கடையை மூடு என்று கேட்கும் மடல் இல்லை இது. அப்படியானவை உங்களுக்கு நிறையவே வந்திருக்கும். நானும் பொழுதுபட ஒரு பிளா கள்ளுக் குடிக்கிறவன்தான். பனையோலையில் கோலுகிற பிளாவை நினைத்துப் பழக்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன். இப்போது கையில் தருவது பிளாஸ்டிக் கப். என் வழக்கே அதைப் பற்றித்தான்.

போன காலபோக நெல் விதைப்புக்கு முன்னால் வயல் வாய்க்காலைத் துப்புரவாக்க இறங்கினோம். மண்வெட்டியில் மண்ணைவிடக் கப்பும் சொப்பிங் பையும் கால் போத்தலும்தான் அதிகம் வந்தன. உடைந்த போத்தலின் அடி ஒன்று எங்களோடு நின்ற பெடியனின் குதிக்காலைக் கிழித்து, ஆறு தையல் போட வேண்டி வந்தது. வாய்க்காலுக்கு மேற்பக்கம் ஒரு பார் இருக்கிறது. பெயர் வேண்டாம். குடித்தவன் எறிந்தால் நாங்கள் என்ன செய்வது என்று அங்கே கேட்டார்கள். சரி, ஆனால் போத்தலைக் கொடுத்தனுப்பியது யார்?

வெறும் போத்தலைக் கொடுத்தால்தான் நிறை போத்தல் என்று சோடா வாங்கிய காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதையே சாராயத்துக்கும் செய்யுங்கள். போத்தலுக்கு ஒரு தொகையை மேலதிகமாக வாங்கி, வெறும் போத்தல் திரும்பி வந்ததும் கொடுத்துவிடுங்கள். குடிக்கிறவன் மறந்துபோனாலும், காசு இருக்கிறதென்றால் ஊர்ச் சிறுவர்கள் பற்றைக்குள் ஒரு போத்தலையும் விட்டுவைக்க மாட்டார்கள்.

பிளாஸ்டிக் கப்பை நிறுத்த என் வேண்டுகோள்கூடத் தேவையில்லை. ஒருமுறை பாவித்து எறியும் கப், தட்டு, உறிஞ்சுகுழாய், கலக்குகிற குச்சி எல்லாம் 2023 ஒக்டோபர் முதல் இந்த நாட்டில் தடை. அதற்குப் பிறகும் மாரி மழைக்கு உங்கள் பின்வளவில் கப்புகள் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. டெங்கு நுளம்பு முட்டையிட அந்தளவு தண்ணீர் போதும். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த கதையும் தெரிந்ததுதான். எங்கள் பக்கமும் யானை வருகிறது.

சாராயத்துக்கும் பியருக்கும் கண்ணாடிக் கிளாஸ் போதும். கழுவத் தண்ணீர் எங்கே என்பீர்கள். ஆடி ஆவணியில் கிணறு அடியைக் காட்டும் ஊர்தான் இது. இரண்டு வாளி வைத்து, ஒன்றில் கழுவி மற்றதில் அலசினால் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைக் கானுக்குள் ஊற்றாமல் வளவு வாழைக்கு விடலாம்.

அப்புறம் அந்தக் குளிர்ப்பெட்டி. மேற்கு வெயில் அடிக்கிற விறாந்தையில் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள். பின்பக்கச் சூடு வெளியேற இடமில்லாமல் அது நாள் முழுக்க இரைகிறது. கரண்ட் பில்லைக் கட்டுவது நீங்கள். நிழலுக்கு மாற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கள்ளுக்குப் பிளாவே வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மரத்தில் இருந்து இறங்கியதை அதே மரத்து ஓலையில் குடித்துவிட்டு எறிந்தால் மாடு தின்னும், மிச்சம் மண்ணோடு போகும். பிளாஸ்டிக்கில் குடிக்கிற கள்ளு எனக்கென்னவோ மருந்து மாதிரி இருக்கிறது. சண்டைக் காலத்தில் பங்கருக்குக் குற்றி தேவையென்று எத்தனை பனை விழுந்தது. மிஞ்சி நிற்கிற பனைக்கு ஓலையிலும் ஒரு வருமானம் இருந்தால், அதைத் தறிக்கத் தயங்குவார்கள்.

பிளா கோலத் தெரிந்த பெண்கள் எங்கள் ஊரிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். முதலில் ஒரு தவறணை, ஒரு கிழமைக்கு நூறு பிளா எடுத்துப் பார்க்கட்டும். விலையை அவர்களோடு இருந்து பேசுங்கள், கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் வயல் செய்கிற ஒருவன்