டிங்கரிங் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

பதினைந்து வருடமாக உங்கள் பட்டறைகளுக்கு பெயிண்ட் கலந்து கொடுக்கிறவன் நான். வேதியியல் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். ஸ்ப்ரே அடிக்கிற பெயிண்டருக்கு மாஸ்க் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். போடுகிறாரா என்பது வேறு கதை. நான் சொல்ல வந்தது டிங்கரைப் பற்றி.

போன மாதம் ஒரு பட்டறையில், துருப்பிடித்த கதவின் அடிப்பகுதிக்கு ஒரு பையன் கேஸ் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். பெயிண்டைச் சுரண்டவில்லை. தீ பட்ட இடம் கருகியது. அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பழுப்பேறி, மெலிதாகப் புகைந்தது. அதன்மேல் முகத்தைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். கேட்டால், "காஞ்சு ஆறு வருஷம் ஆன பெயிண்டுண்ணே, இதுல என்ன இருக்கு?" என்றான்.

இருக்கிறது. அடிக்குமுன் இரண்டு டப்பாவைக் கலக்குகிற டூ கே பெயிண்டில், அதை இறுக வைக்கும் ஹார்டனரில் உள்ளது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். அது பெயிண்டில் இருக்கும் ஆல்கஹால் தொகுதிகளைப் பிடித்துக்கொண்டு யூரிதேன் ஆகிறது; அதைத்தான் நாம் காய்ந்தது என்கிறோம். (தண்ணீரையும் அது விடாது. மூடி சரியாகப் போடாத ஹார்டனர் டப்பா மழைக்காலத்தில் உப்பிக் கிடப்பது, ஈரத்தோடு சேர்ந்து கரியமில வாயு விடுவதால்தான்.)

ஆனால் இந்தப் பிடி நிரந்தரம் இல்லை. சூடு ஏறினால் வந்த வழியே திரும்பி, ஐசோசயனேட் தனியாகக் கழன்றுவிடும். எந்தச் சூட்டில் என்பது ஜோடியைப் பொறுத்தது. ஃபீனால் என்ற இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்தது சீக்கிரம் விட்டுவிடும், 120 முதல் 180 டிகிரிக்குள். தொழிற்சாலைக்காரர்கள் இதையே வசதியாக்கிக்கொண்டார்கள். ஐசோசயனேட்டை ஃபீனாலால் கட்டிவைத்து, செம்புக் கம்பியில் எனாமலாகப் பூசி, சூளையில் ஓட்டினால், ஃபீனால் கழன்று போகும்; ஐசோசயனேட் பக்கத்து ஆல்கஹாலைப் பிடித்துக்கொள்ளும். அழகான வேலை! அதே கம்பியின் நுனியைச் சுரண்டாமல் உருகிய ஈயத்தில் முக்கும்போது எழும் புகையிலும் இதே ஐசோசயனேட் உண்டு.

ஆல்கஹாலோடு சேர்ந்தது இன்னும் பிடிவாதம். கண்ணாடி ஒட்டுகிற கருப்புப் பசை 200 டிகிரி வாக்கிலும், கார் பெயிண்ட் 250 வாக்கிலும் கழலத் தொடங்கும். கேஸ் வெல்டிங் சுடர் 3000 டிகிரியைத் தொடும். நடுவில் எல்லாம் எரிந்துபோகிறது, சரி. ஆனால் அங்கிருந்து சூடு படிப்படியாகத்தானே குறைகிறது? எங்கோ ஒரு வளையத்தில் 250 இருந்தே தீரும். அந்தப் பையன் முகத்துக்கு நேரே புகைந்த கொப்புள வளையம் அதுதான். தகட்டின் மறுபக்கத்திலும் அதே வளையம் உண்டு, நம் கண்ணில் படாது.

இந்த ஐசோசயனேட் ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் துளி போதும், மூச்சு இழுக்கும். பல நேரம் வீட்டுக்குப் போய்ப் படுத்தபின் ராத்திரியில்தான் இழுக்கும். அதனால் பட்டறைமேல் யாருக்கும் சந்தேகம் வராது. தூசி, பனி என்று பழி போய்விடும். வாயில் கர்ச்சீப் கட்டுவது இதற்கு உதவாது.

வெல்டு வைக்குமுன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் பெயிண்டையும் சீலரையும் தாராளமாக எடுத்துவிடச் சொல்லுங்கள். கிரைண்டரை அழுத்தித் தேய்த்தால் அதுவே சூடாக்கிப் புகைய வைக்கும், நிதானமாகத் தேய்க்கட்டும். புகை முகத்துக்கு வராதபடி ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். நேரம் கொஞ்சம் கூடும்தான். அதற்கும் கூலி சேர்த்து எஸ்டிமேட் போடுங்கள். வண்டிக்காரர் ஏன் என்று கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெயிண்ட் கடைத் தம்பி