பேஸ் பாடுகிறவன் கணக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தாலா, இந்த வெயிலாலா என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அலுத்துக்கொண்டாயே, கூட வேலை பார்க்கிறவர்கள் உன்னைக் கச்சேரிக்குக் கூட்டிப்போய், இடைவேளையில் பரோக், கிளாசிக்கல், ரொமான்டிக் என்று மேற்கத்திய இசையின் காலங்களைப் பற்றிப் பேசித் தள்ளினார்கள், உனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது என்று. அதற்குப் பதில் போனில் சொல்லி முடியாது. நீ குடியிருப்பதோ ஜெர்மனியில், இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியான் பாக் வேலை பார்த்த லைப்சிக்கில். அந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் இந்த அப்பனுக்குத் தூக்கம் வருமா?

பெரிய வெள்ளிக்கு நாம் பாடுவோமே, 'இரத்தம் காயம் குத்தும்', அந்த மெட்டிலிருந்தே தொடங்குகிறேன். நீ என் மடியில் தூங்கிக்கொண்டே கேட்ட மெட்டு. அது பிறந்தபோது காதல் பாட்டு. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் 1601இல் நியூரம்பெர்கில் அச்சுப் போட்டார். ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்கியவனின் புலம்பல் அது. மறுமலர்ச்சிக் காலம் முடிகிற நேரம். அப்போது அதன் தாளம் இரண்டும் மூன்றுமாக மாறி மாறித் துள்ளும். பிறகு சபை அதை எடுத்துக்கொண்டது. 1656இல் இயேசுவின் பாடுகளைப் பற்றிப் பவுல் கெர்ஹார்ட் எழுதிய வரிகள் வந்து அந்த மெட்டில் உட்கார்ந்தன. போகப்போகத் துள்ளல் தேய்ந்து, சவ ஊர்வலத்தில் நடப்பதுபோல ஒரே அளவான காலடி ஆகிவிட்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரிகளால்தான், அவர்கள் ஊர்ப் பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழில் பாடும் பழக்கம் நமக்கு வந்தது.

அந்த மிஷனரிகள் இங்கே வந்த வருஷம் பாக்குக்கு வயது 21. அவர் லைப்சிக் தாமஸ் தேவாலயத்துக்கு வேலைக்குப் போனது 1723இல். நகரசபை முதலில் கேட்டது டெலிமானை, அடுத்து கிராப்னரை. இரண்டு பேரும் அமையாமல் போனபிறகுதான் இவர். 1727 பெரிய வெள்ளியன்று அங்கே நடத்திய மத்தேயு பாடுகளில், அதாவது மத்தேயு சுவிசேஷத்திலுள்ள இயேசுவின் பாடுகளைப் பாட்டாக்கிய படைப்பில், நம் மெட்டை ஐந்து முறை வைத்திருக்கிறார். மேலே ஓடும் மெட்டு அதேதான். கீழே மற்ற மூன்று குரல்களையும் சுருதியையும் மாற்றி மாற்றி அமைத்தார். இயேசு உயிர்விட்டதும் வருகிற கடைசி முறையில், கீழ்க்குரல்கள் அரை அரைச் சுரமாக நகர்ந்து வயிற்றைப் பிசையும்.

பரோக் என்றால் என்ன என்று பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவனைக் கேள். முப்பது வருஷம் கொயரில் கடைசி வரிசையில் நின்றவன் சொல்கிறேன், அது எங்கள் பொற்காலம். நான்கு குரலுக்கும் நான்கு வழி, நான்குக்கும் வேலை. கீழே எங்கள் வரி நகர்ந்தால்தான் மேலே வீடு நிற்கும்.

அதைக் கலைத்தது யார் தெரியுமா? பாக்கின் சொந்தப் பிள்ளைகள். கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியான் லைப்சிக்கிலேயே 1735இல் பிறந்தவன். 1750இல் அப்பா இறந்தபோது பையனுக்கு 15 வயது முடியவில்லை. பெர்லினில் அண்ணனிடம் கற்றுக்கொண்டு, பிறகு மிலானுக்குப் போய் கத்தோலிக்கனாகி, 1762இல் லண்டனுக்குப் போய்விட்டான். அப்பாவைப் 'பழைய டோப்பா' என்று சொன்னானாம். (நீ என்னை என்ன சொல்வாய் என்று அம்மா கேட்கிறாள்.) அவன் பாணியில் மெட்டு மேலே ஒரு குரலில் ஒய்யாரமாக நடக்கும், மற்றவர்களுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போகிற வேலை. அடியில் நாங்கள் 'டம் டம்' என்று ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1764இல் லண்டனுக்கு வந்த எட்டு வயது மொசார்ட் இவனோடு கூட உட்கார்ந்து வாசித்துக் கற்றுக்கொண்டான். கிளாசிக்கல் என்று உன் சிநேகிதர்கள் சொல்வது இதைத்தான். ஒரே வீட்டில், அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் காலம் மாறிவிட்டது.

எனக்கு அவன்மேல் கோபம் உண்டு. ஆனால் வாக்கியம் வாக்கியமாக, கேள்வியும் பதிலுமாகப் பேசுகிற அந்தத் தெளிவு இல்லாமல் ஹைடனோ மொசார்ட்டோ வந்திருக்க முடியாது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு படியளக்கிற கையும் மாறிக்கொண்டிருந்தது. ஹைடன் எஸ்டர்ஹாசி பிரபு வீட்டில் சீருடை போட்டுச் சம்பளம் வாங்கியவர். கடைசியில் லண்டனில் டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு எழுதினார். உன் ஊரில் அந்தக் கூட்டத்துக்கு 1781இல் ஜவுளி வியாபாரிகளின் கட்டடத்தில் மண்டபம் திறந்தார்கள். கெவாண்ட்ஹவுஸ் என்ற பெயரே துணிக்கிடங்கு என்பதுதான். நீ போனது புதுக் கட்டடம், பெயர் மட்டும் பழையது. டிக்கெட் வாங்கியவன் சும்மா இருப்பானா? 1859இல் பிராம்ஸ் தன் முதல் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் வாத்தியக் கூட்டமும் சேர்ந்து வாசிப்பது) அங்கே வாசித்தபோது உஸ் உஸ் என்று சீறி அனுப்பினார்கள்.

1789இல் மொசார்ட் லைப்சிக்குக்கு வந்தபோது தாமஸ் பள்ளிப் பையன்கள் பாக்கின் பழைய மோட்டெட் ஒன்றை, பல குரல் சேர்ந்து பாடும் சபைப் பாட்டை, பாடியிருக்கிறார்கள். கேட்டவர் துள்ளி எழுந்துவிட்டாராம். முழுப் பிரதி கிடையாது, குரலுக்கு ஒரு தாளாகத்தான் இருந்தது. முழங்காலிலும் பக்கத்து நாற்காலிகளிலும் தாள்களைப் பரப்பிவைத்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லையாம். பிள்ளை தூக்கிப் போட்டதைப் பிள்ளையின் சீடன் பொறுக்கி எடுத்திருக்கிறான்.

ரொமான்டிக் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824இல் வந்தது, ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். ஹைடனுடையது அரைமணிக்குள் முடிந்துவிடும். வாத்தியக்காரர் கூட்டம் பெருத்தது, சொந்த மனக்கொந்தளிப்பே பாட்டுக்குப் பொருளானது. உன் ஊரில் பிறந்த வாக்னர் சுருதியை அதன் வீடான ஆதார சுரத்துக்குத் திரும்பவிடாமல் மணிக்கணக்கில் அலையவைத்தார். ஷோன்பெர்க் அந்த வீடே வேண்டாம் என்றார். அதற்கப்புறம் வந்த பாட்டுகளின் பக்கம் என் காது போகவில்லை.

ஆனால் மெண்டெல்சோனை விடமாட்டேன். பாட்டி கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு, 20 வயதில், 1829இல் பெர்லினில் மத்தேயு பாடுகளை மறுபடி மேடையேற்றியவர். பிறகு கெவாண்ட்ஹவுஸை நடத்த லைப்சிக்குக்கே வந்து, 1841இல் குருத்தோலை ஞாயிறன்று அதே தாமஸ் தேவாலயத்தில் நடத்தினார். அவர் சிலையை நாஜிகள் 1936இல் பெயர்த்தெடுத்தார்கள். அதே மாதிரி வார்த்த சிலை இப்போது தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நீ தினமும் தாண்டிப் போகிறாயோ என்னவோ.

உனக்கு ஒரு வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாமஸ் தேவாலயத்தில் பையன்கள் மோட்டெட் பாடுவார்கள், ஒரு வாரம் போய் உட்கார். மெட்டைக் கேட்காதே, அது தானாகக் காதில் விழும். அடிக்குரலைப் பிடித்துக்கொண்டு போ.

அப்புறம் அங்கே நோட்டுப் புத்தகக் கடையில் மத்தேயு பாடுகளின் குரல் பிரதி கிடைக்கும். நம் மெட்டு வருகிற பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. நம் கொயர் பேஸ் தாளில் மூன்றாவது வரியை எலி தின்று பல வருஷமாகிறது. நான் குத்துமதிப்பாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் தெரியாது, பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவில் நிற்கிற உன் அம்மாவைத் தவிர.

அன்புடன்,
அப்பா