கேள்விக் கார்டுகளைக் கலைத்து அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குரூப் 4 தேர்வுக்கும் பொதுத்தேர்வுகளுக்கும் படிக்கிறவர்களுக்கு, கோவை, ஈரோடு, திருப்பூர் பகுதி ஆசிரியர்களும் பயிற்சி மையங்களும் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஃபிளாஷ் கார்டுகள் அனுப்புகிறார்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. நல்ல உழைப்பு. ஆனால் பாடத்தின் வரிசையிலேயே, ஒரே ஒரு கோப்பாக அனுப்பிவிடுகிறார்கள்.

வரிசை மாறாவிட்டால் முந்தைய கார்டே அடுத்ததற்குத் துப்புக் கொடுத்துவிடும். தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் சங்ககிரி, ஆண்டு 1805, அடுத்தது திருப்பூர் குமரன் மறைந்த 1932 என்று பத்து முறை புரட்டியவர் கேள்வியைப் படிக்காமலே விடை சொல்வார். கொடுமணல் எந்த ஆற்றங்கரையில் என்ற கேள்விக்கு அடுத்து சின்னமலை வந்தால் அதே ஆள் தடுமாறுவார். குரூப் 4 தாளில் 200 கேள்விகள். எதற்குப் பின் எது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கலைப்பது எளிது. 60 கார்டு என்றால் 120 பக்கம். எக்செல் தாளில் முதல் பத்தியில் 1 முதல் 60 வரை எண்கள், பக்கத்துப் பத்தியில் தற்செயலாக ஒரு எண்ணைத் தரும் ரேண்ட் (RAND) சூத்திரம். இரண்டாம் பத்தியை வைத்து இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் முதல் பத்தி கலைந்துவிடும். வரிசைப்படுத்தியதும் ரேண்ட் எண்கள் மறுபடி மாறும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம், நமக்கு வேண்டியது முதல் பத்திதான்.

இனிதான் கவனம். கார்டை ஜோடியாக நகர்த்த வேண்டும். கார்டு எண்ணை இரண்டால் பெருக்கினால் விடைப் பக்கம், அதில் ஒன்று குறைத்தால் கேள்விப் பக்கம்: 17ஆம் கார்டுக்கு 33, 34. கோப்பின் தொடக்கத்தில் அட்டைப் பக்கம் ஒன்று இருந்தால் அது 34, 35 ஆகிவிடும். இதை மறந்தால் ஒரு கார்டின் விடையும் அடுத்த கார்டின் கேள்வியும் ஜோடி சேர்ந்துவிடும். பெரும்பாலான குளறுபடி இங்கேதான். கிடைத்த பக்கப் பட்டியலை, பக்க வரிசையை எழுதிக் கொடுக்க வசதியுள்ள கியூபிடிஎஃப் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் புதிய கோப்பு தயார். பிடிஎஃப்டிகே மென்பொருளில் ‘ஷஃபிள்’ என்றே ஒரு கட்டளை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது பக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோப்பதற்கானது, கலைப்பதற்கல்ல.

பிடிஎஃப்பை வேர்டில் திறந்து பக்கங்களை நகர்த்தவே வேண்டாம். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் உடைந்து கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பக்க அளவில் கலைத்தால் எழுத்தை யாரும் தொடுவதில்லை. கோப்புக்குள் பக்கங்களின் பட்டியல் மட்டுமே மாறுகிறது, அதனால் தெளிவும் குறையாது.

ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளுக்கு நான்கு கார்டு வீதம் அச்சடிப்பவர்கள், கலைத்த பிறகே நான்கு நான்காக அடுக்க வேண்டும். அடுக்கிவிட்டுக் கலைத்தால் 15 தாள்கள்தான் கலையும், நான்கு கார்டுகள் என்றும் ஒன்றாகவே இருக்கும். முன்பக்கம் மேலே 1, 2, கீழே 3, 4 என்றால் பின்பக்க விடைகள் மேலே 2, 1, கீழே 4, 3 என இருக்க வேண்டும். தாளை நிமிர்த்தி வைத்து அச்சடிக்கையில் நீள விளிம்பில் திருப்பும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். குறுகிய விளிம்பில் திரும்பிவிட்டால் 1-க்குப் பின்னால் 4-இன் விடை தலைகீழாக விழும்.

பாடத்தை முதன்முதலாகப் படிக்கும்போது வரிசை வேண்டும்தான். கலைப்பது இரண்டாம் சுற்றிலிருந்து. கலைத்த கோப்பும் ஒரு வாரத்தில் பழகிப்போகும். ஆகவே ஒரே பாடத்துக்கு மூன்று, நான்கு வரிசைகளில் கோப்புகள் தர வேண்டும் என்பதே ஆசிரியர்களுக்கும் மையங்களுக்கும் எங்கள் வேண்டுகோள். கலைத்ததில் ஒரே தலைப்பின் இரு கார்டுகள் அடுத்தடுத்து வந்தால் பிழையென்று மாற்ற வேண்டாம். தற்செயல் என்றால் அப்படியும் வரும்.

ஒவ்வொரு கார்டின் மூலையிலும் மாறாத எண் ஒன்றை அச்சிடுவதும் அவசியம். விடை தவறு என்று யாராவது சொல்லும்போது பக்க எண்ணைச் சொன்னால் ஆளுக்கொரு கார்டு திறக்கும்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
பெருந்துறை.