கையெழுத்து வாங்கிய படிவங்களைத் திருப்பிக் கொடுங்கள்: ஆசிரம அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களுக்கும் மூத்த தொண்டர்களுக்கும் வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் தொண்டர் கூட்டத்தில் கையெழுத்துக்காகத் தாங்கள் கொடுத்த, வளாகத்தில் நடப்பதை வெளியே சொல்ல மாட்டோம் என்ற உறுதிமொழிப் படிவம் பற்றியதுதான் இந்த மடல். மகளிர் விடுதி விவகாரத்தை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. தங்களுக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை; புகார் சொன்ன பெண் யாரென்று வெளியே கசியவும் கூடாது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். படிவத்தைத் திரும்பப் பெறுங்கள்.

நான்காவது பத்தியைத் தங்கள் வழக்கறிஞர் படித்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை. "ஆசிரம வளாகத்தில் நிகழும் எதைப் பற்றியும் அறங்காவலர் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிக் காவல்துறை, ஊடகம் உள்ளிட்ட வெளியாரிடம் தெரிவிக்க மாட்டேன்" என்கிறது அது. குற்றத்தை மறைப்பதற்காகப் போடும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி செல்லாது. முத்திரைத்தாளில் அடித்தாலும் செல்லாது, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினாலும் செல்லாது. இதைவிடப் பெரிய சிக்கலும் இருக்கிறது. வளாகத்தில் பள்ளியும் விடுதியும் நடத்துகிறீர்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆக, இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் தொண்டர், தேவைப்பட்டால் சிறைக்குப் போகச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிறார். வாங்கி வைத்துக்கொள்ளும் தாங்களும்தான்.

ஒழுங்குக் குழு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, புகார்களை அங்கே சொல்லலாம் என்று கூட்டத்தில் விளக்கம் சொன்னீர்கள். அந்தக் குழுவில் ஐந்து பேர். நால்வர் ஆண்கள், ஐந்தாமவர் சுவாமியின் அண்ணி. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் கேட்கும் உள்ளகக் குழு இதுவல்ல. அதற்கு மூத்த பெண் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத, பெண்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பிலிருந்து ஒருவர் வேண்டும். புகார் வந்து 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போதே புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம். சமரசம் என்றால் அந்தப் பெண்ணே கேட்டால்தான், அதுவும் பணம் கைமாறாமல். "இது அலுவலகமா, இறைபணி" என்று பொருளாளர் ஐயா சிரித்தார். சட்டத்தில் பணியிடம் என்பதில் அறக்கட்டளையும் அடக்கம். ஊதியம் வாங்காத தன்னார்வலரும் பணியாளர்தான். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். புகாரே நிறுவனத் தலைவர்மீது என்றால் உள்ளகக் குழுவுக்குக்கூடப் போக வேண்டியதில்லை, மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் நேரே கொடுக்கலாம். அந்த விலாசம் அறிவிப்புப் பலகையில் இல்லை. சுவாமியின் வெளிநாட்டுப் பயண அட்டவணை இருக்கிறது.

இதுவரை எழுதியது காகிதச் சமாச்சாரம். கையெழுத்துப் போட மறுத்த சமையற்கட்டு அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதை எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. வியாழக்கிழமை அன்னதானத்துக்கு 25 கிலோ அரிசி உலை வைத்து, 250 இலைக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டவர் அவர். படிவத்தை வாங்கிப் படித்தார், "இதில் எனக்கு மனசில்லை" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சத்தம் போடவில்லை, யாரையும் குறை சொல்லவுமில்லை. அடுத்த வியாழன் அவருடைய சேவை செருப்பு வைக்கும் இடத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கடுத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்த அவர் கணவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகும் மகளின் மாற்றுச் சான்றிதழை எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று பள்ளி அலுவலகத்தில் மிகக் கனிவாகச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கேட்காத சான்றிதழ் அது. பந்தியில் அவருக்கு இருபுறமும் இலை காலியாகக் கிடக்கிறது. "அம்மாவுக்குக் கர்மவினை ஓடுகிறது" என்று மூத்த தொண்டர் ஒருவர் புதியவர்களுக்கு விளக்கம் கொடுக்கிறார். வீடு, வேலை, பிள்ளையின் படிப்பு, பழகிய மனிதர்கள் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கும்போது ஒருவரை அடிக்க வேண்டியதே இல்லை. மற்றவர்கள் ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்று எங்களைக் கேட்க வேண்டாம். அந்தக் காலி இலைகளைப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள்.

விசுவாசம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வடக்கே போய்த் தேட வேண்டாம், விராலிமலைப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரேமானந்தா ஆசிரமத்தில் இருந்தவர்கள் ஆதரவற்ற பிள்ளைகள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் பலர். 1994இல் அங்கிருந்து தப்பிய பெண் பேசியதால்தான் வழக்கு வந்தது. 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக்கும் ரவி என்பவரின் கொலைக்குமாக இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் தண்டிக்கப்பட்டவர் குரு மட்டுமல்ல, கூட இருந்த சீடர்களும்தான். வடநாட்டுச் சாமியார் ஆசாராம் வழக்கிலும் அப்படியே. 2018 ஏப்ரல் 25 அன்று ஜோத்பூரில் அவருக்கு ஆயுள், விடுதிக் காப்பாளருக்கும் குருகுல நிர்வாகிக்கும் தலா 20 ஆண்டு என்று தீர்ப்பு வந்தது. மூத்த தொண்டர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம்.

அந்த வழக்கில் தில்லி கமலா மார்க்கெட் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் பாதிக்கப்பட்ட மகளை அழைத்துப் போன தந்தை, தன் ஊரில் அதே குருவுக்கு ஆசிரமம் கட்டிக்கொடுத்தவர். ஆசாராம் வழக்குகளில் சாட்சி சொன்ன வைத்தியரும் சமையல்காரரும் அந்த ஆசிரமத்திலேயே வேலை பார்த்தவர்கள். இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மகேந்தர் சாவ்லா என்ற சாட்சி குண்டடிபட்டுப் பிழைத்து, உச்ச நீதிமன்றம் போனார். 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் அவர் பெயரிலான வழக்கில் வந்ததுதான். இன்று மிரட்டலுக்கு ஆளாகும் சாட்சி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மிரட்டல் எவ்வளவு கடுமையானது என்று காவல்துறை ஐந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். சமையற்கட்டு அம்மாவுக்கும் இதைச் சொல்லியிருக்கிறோம்.

குருத்துரோகம் என்ற சொல்லைக் கூட்டத்தில் மூன்று பேர் பேசினார்கள். குருபரம்பரைக் கதைகளை மேடையில் சொல்பவர்களுக்கு யாதவப்பிரகாசர் கதை நினைவிருக்கும். தன்னோடு முரண்பட்ட மாணவரான இராமாநுசரைக் காசி யாத்திரையில் கங்கையில் தள்ளிவிட அவர் திட்டமிட்டார். அதே குருவிடம் படித்துக்கொண்டிருந்த கோவிந்தர் காதில் அது விழுந்தது. விந்திய மலைக் காட்டில் அவர் இராமாநுசரைத் தனியே அழைத்துச் சொல்லித் தப்பவைத்தார். தங்கள் நான்காவது பத்தியில் கோவிந்தர் கையெழுத்துப் போட்டிருந்தால் அறங்காவலர் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி வருவதற்குள் வைணவத்துக்கு உடையவர் என்ற இராமாநுசர் இல்லாமல் போயிருப்பார். பிற்காலத்தில் யாதவப்பிரகாசரே இராமாநுசரிடம் வந்து சீடரானார் என்பதும் கதையில் உண்டு. கோவிந்தரைத் துரோகி என்று எந்த மடத்திலும் சொல்வதில்லை.

"சுவாமிக்கு இதெல்லாம் தெரியாது" என்கிறீர்கள். முக்காலமும் அறிந்தவர் என்று வாசலில் பதாகை வைத்திருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் முதல் வரிசையில் உட்கார்ந்து விபூதி வாங்குகிறார்கள், அந்தப் படம் அன்று மாலையே முகநூலில் வந்துவிடுகிறது. ஒரு பெண் கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் வருவதில்லை. கார் நிறுத்துமிட ரசீதுக்கே வரிசை எண் போடும் அலுவலகம் இது.

கொஞ்சம் கடுமையாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும். நாங்களும் இங்கே விழுந்து வணங்குகிறவர்கள்தான், நாளையும் வருவோம். தாழ்மையுடன் கேட்பது இவ்வளவே. படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். கையெழுத்தான படிவங்களை அவரவர் கையில் ரசீது எழுதிக் கொடுத்துவிடுங்கள். நகல் எடுத்திருந்தால் அதையும். சட்டப்படி உள்ளகக் குழு அமைத்து, உறுப்பினர் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் சமையற்கட்டு, விடுதி, பள்ளி ஆகிய மூன்று இடங்களிலும் தமிழில் ஒட்டுங்கள். மாவட்ட உள்ளூர்க் குழுவின் விலாசத்தையும் 1098, 181 ஆகிய உதவி எண்களையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அம்மாவை இந்த வியாழக்கிழமையே அடுப்படிக்கு அனுப்புங்கள், அவர் கணவரின் ஒப்பந்தத்தையும் புதுப்பியுங்கள். மாற்றுச் சான்றிதழ் பேச்சை இனி அலுவலகத்தில் யாரும் எடுக்க வேண்டாம்.

சித்திரைப் பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் வந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். வராவிட்டால் இந்த மடலின் பிரதியும் படிவத்தின் பிரதியும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் போகும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசிரமத் தொண்டர்கள் சிலர்